கோபுரம் விழிக்குமுன் கிளம்பும் விமானம்

ஆர்லிஸ் ட்வெய்ட்டை ஒரு நாற்காலியில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிஷம் உட்காரவைக்க எங்கள் ஹாலோவே ஊரில் யாராலும் முடிந்ததில்லை. சாப்பாடு நின்றுகொண்டேதான். தேவாலயத்தில் பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் போதும், எழுந்து பின்பக்கம் போய்க் காபிக் கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்துவிடுவாள். பாதிரியாருக்கே அது பழகிவிட்டது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் பேச்சை முடித்துக்கொள்வார்.

கோதுமைப் பண்ணையில் பிறந்தவள். பள்ளிப் பேருந்து ஓட்டினாள், தானியக் கிடங்கில் எடை போட்டாள், தபால் பிரித்தாள். எதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் எங்கள் விமான நிலையத்தில் வந்து சேர்ந்தாள், அங்கே ஒட்டிக்கொண்டாள். காரணம் எனக்குத் தெரியும். மொன்டானாவின் சின்ன ஊர் விமான நிலையத்தில் ஒரே ஆள்தான் சீட்டுக் கொடுக்கணும், பெட்டி தூக்கணும், இறக்கையில் பனி உருக்கும் மருந்து அடிக்கணும், விமானத்தைப் பின்னால் தள்ளிவிடணும். உட்கார நேரமே இல்லாத உத்தியோகம். அவளுக்கென்றே செய்து வைத்தது போல. எனக்குத்தான் அது வினை. என் பெயர் வெர்ன். முழங்கால் தேய்ந்தவன். இருபது வருஷத்துக்கு மேல் அவளோடு அதே வேலையைப் பார்த்து, அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தினமும் திட்டு வாங்கினவன்.

அவளைக் கட்டிக்கொண்ட கேலன் நேர் எதிர். மாவட்டத்துக்கு மண்சாலை சமன்செய்யும் வண்டியை ஓட்டினான். மனிதன் நடக்கிற வேகத்தில் போகும் வண்டி அது. அவனும் அப்படித்தான். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் காபி ஆறிவிடும். "இவளோட எப்படிடா குப்ப கொட்டுற?" என்று ஒருமுறை கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "அவ எப்படியும் சுத்திட்டு என்கிட்டதானே வருவா" என்றான்.

அந்தக் கேலனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் ஊர் மருத்துவமனையில் ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கட்டிப்போட்ட மாதிரி கிடப்பான். ஆர்லிஸ் பக்கத்தில் உட்கார மாட்டாள், முடியாது அவளால். கார் நிறுத்துமிடத்தை நாலு மணி நேரமும் சுற்றிச் சுற்றி நடப்பாள். பனி கொட்டினாலும் நடப்பாள். ஜன்னல் வழியாக அவள் தலை போவதும் வருவதும் தெரியும் என்று கேலன் சிரித்துக்கொண்டே சொல்வான். மாற்றுச் சிறுநீரகத்துக்கு சால்ட் லேக் நகரத்து மருத்துவமனையில் பெயர் பதிந்து காத்திருந்தார்கள்.

ஒரு பிப்ரவரி மாதம் அழைப்பு வந்தது. விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே. சிறுநீரகம் கிடைத்திருக்கிறது, காலை ஒன்பதுக்குள் கேலன் அங்கே இருக்க வேண்டும், வராவிட்டால் அடுத்து ஒருவர் தயாராகக் காத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். முந்தின நாளே பனி விழுந்து மலைக்கணவாயை மூடியிருந்தார்கள். காரில் போக வழியில்லை. எங்கள் ஆறு மணி விமானம் ஒன்றுதான் கதி.

கேலன் அதுவரை விமானம் ஏறியதில்லை. பெண்டாட்டி தினம் விமானம் அனுப்புகிறாள், இவனுக்கோ ஏணியில் ஏறினாலே தலை சுற்றும். "நீ பக்கத்துல இருந்தா ஏறுறேன். இல்லன்னா என்னை விட்டுடு" என்று அவளிடம் முன்பே கறாராகச் சொல்லியிருந்தான். அதனால் அன்று அவள் வேலைக்கு வரவில்லை, பயணியாக வந்தாள். பயணியாக வந்தவள் என்ன செய்தாள் தெரியுமா? கேலனைக் காத்திருக்கும் இடத்தில் உட்காரவைத்துவிட்டு, வேலைச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு என்னோடு பெட்டி தூக்க வந்துவிட்டாள்.

"போய் உன் புருஷன் பக்கத்துல நில்லு, ஆர்லிஸ். என் உயிர வாங்காத."

"நின்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும். அந்தப் பெட்டிய இப்படித் தள்ளு. உன் முட்டிக்கு என்ன, துருவா பிடிச்சிருக்கு? வேகமா."

இனி எங்கள் விமான நிலையத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் கட்டுப்பாட்டுக் கோபுரம் காலை ஏழு மணிக்குத்தான் விழிக்கும். அதற்கு முன் மேலே இருட்டுக் கண்ணாடி, ஆள் இல்லை. ஆறு மணி விமானம் அதற்காகக் காத்திருக்காது. எங்கோ இரண்டு மாநிலம் தாண்டி உட்கார்ந்திருக்கும் விமானக் கட்டுப்பாட்டு மையத்தை விமானி வானொலியில் கூப்பிட்டு அனுமதி வாங்குவார். பேச்சுப் பொத்தானை ஏழு தரம் தட்டுவார், ஓடுதள விளக்குகள் தாமே எரியும். அப்புறம், "ஹாலோவேயில் கேட்பவர்களுக்கு, நாங்கள் மேற்கு நோக்கிக் கிளம்புகிறோம்" என்று வெறும் காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சுற்றிலும் மலை. தாழப் பறக்கும் விமானம் மையத்தின் திரையில் தெரியாது. அதனால் கோபுரம் தூங்கும் நேரத்தில் எங்கள் வானத்தில் ஒரு சமயத்தில் ஒரு விமானம்தான். இறங்குகிற விமானம் இறங்கினதும், அதன் விமானி மையத்தைக் கூப்பிட்டு, "இறங்கிவிட்டேன், என் பயணத்தை முடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல வேண்டும். சொல்லும்வரை வானம் பூட்டித்தான் கிடக்கும். பகலில் கோபுரத்தில் இருப்பவர்கள் கண்ணால் பார்த்து அவர்களே சொல்லிவிடுவார்கள். விடியலில் அது விமானி தலையில்.

அன்று முதலில் இறங்கியது வேட் கில்லிஸின் விமானம். தினமும் பார்சல் சுமந்து வரும் ஒற்றை இயந்திரப் பொடியன் அது. வேட் நல்ல பிள்ளை, முப்பது வயது இருக்கும். பனியை இறைத்துக்கொண்டு காற்று வீசியது. ஓடுதளத்தின் எதிர்ப்பக்கத்தில் பார்சல் கொட்டகை. அதற்குள் போய் நின்றான். இங்கிருந்து பார்த்தால் எதுவும் தெரியவில்லை, வெறும் வெள்ளை.

எங்கள் விமானத்தில் எல்லோரும் ஏறியாயிற்று. கேலன் முன்வரிசையில், இரண்டு கையாலும் இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. பக்கத்து இருக்கையில் ஆர்லிஸின் கோட்டு. இறக்கைக்கு மருந்து அடித்து முடித்தோம். ஆர்லிஸ் படியில் கால் வைக்கப் போனாள். அப்போது கேப்டன் லிண்ட் விமானி அறை ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினார். நரைத்த பின்னலோடு இருக்கும் அம்மாள். நிதானமானவர்.

"வெர்ன், அனுமதி கிடைக்கல. நமக்கு முன்னாடி வந்தவர் இறங்கிட்டேன்னு சொல்லவே இல்லையாம். மையத்துக்காரங்களுக்கு அவர் இன்னும் வானத்துலதான் இருக்கார்."

"வேட் கில்லிஸா? அவன் இறங்கி எவ்வளவு நேரமாச்சு!"

"எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியணுமே. விமானி வாயால வரட்டும்கிறாங்க. போன் பண்ணிப் பாத்தாங்க, எடுக்கல."

நான் போன் போட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. பார்சல் கொட்டகைக்குப் போட்டேன். பார்சல் வண்டிக்காரர்கள் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் போலும், அங்கேயும் பதில் இல்லை. ஏழு மணிக்குக் கோபுரத்தில் ஆள் வந்துவிட்டால் எல்லாம் தானே சரியாகிவிடும். ஆனால் ஏழுக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குள் சால்ட் லேக் போய்ச் சேர முடியாது, கேலனுக்கு அது முடிந்த கதை.

ஆர்லிஸ் என் கையிலிருந்த வானொலியைப் பிடுங்கினாள்.

"அவன் கொட்டகைக்குப் பின்னாடி டிரெய்லர்ல தூங்குவான். போனை அமுக்கி வச்சிட்டுத் தூங்குவான். நான் போறேன்."

"எப்படிப் போவ? சுத்துப்பாதை பூரா பனி மூடிக் கெடக்கு."

"ஓடுதளத்தக் குறுக்க."

"வண்டி ஓட்ட உனக்கு அதுல அனுமதி இல்ல, ஆர்லிஸ். வேலை போயிடும்."

"போகட்டும்."

அவள் வானொலியில் ஆர்வில்லைக் கூப்பிட்டாள். ஆர்வில் பனி தள்ளும் வண்டிக்காரர். ஓடுதளத்தில் நடமாட முறையான உரிமை உள்ள ஒரே ஆள். ரிட்டயர்டு ஆகியும் ஆகாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்.

"ஆர்வில், நான் எதிர்ப்பக்கம் போகணும்."

"நீ தனியா வரக்கூடாது, கேட்டியா? கூடாது." வானொலி கரகரத்தது. "என் வண்டி பின்னாடியே வா. ஒட்டிக்கிட்டு வா. என் விளக்கத் தவிர வேற எதையும் பாக்காத."

பெட்டி இழுக்கும் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு அவள் போனாள். கேலன் இருந்த ஜன்னலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நின்றிருப்பாளோ என்னவோ.

எதிர்ப்பக்கம் நடந்ததை ஆர்வில் அப்புறம் எனக்குச் சொன்னார். டிரெய்லர் கதவைத் திறந்து, பூட்ஸோடு படுத்திருந்த வேடின் காலைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

"நீ முடிச்சேன்னு சொல்லல, வேட். மையத்தைக் கூப்பிடு. இப்பவே."

அவன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு, "சொன்னேனே. நான் எப்பவும் ஓடுதளத்த விட்டுத் திரும்பினதும் சொல்லிடுவேன். பழக்கம் அது" என்றிருக்கிறான்.

"சொல்லல."

அவன் யோசித்தான். பிறகு முகம் செத்துவிட்டது என்றார் ஆர்வில்.

"திரும்பும்போதுதான் நீ கூப்பிட்ட, ஆர்லிஸ். ஓடுதளம் எப்படியிருக்கு, பிரேக் பிடிக்குதா, எங்க விமானம் போகுமான்னு கேட்ட. சொன்னேன். மறுபடி கேட்ட. மறுபடியும். உனக்குப் பதில் சொல்லிக்கிட்டே வந்து நிறுத்திட்டேன். உன்கிட்டப் பேசினதையே அவங்ககிட்டப் பேசினதா நெனச்சுக் குழப்பிட்டேன் போல."

அது உண்மை. நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். வேட் சக்கரம் தரையைத் தொட்ட நிமிஷத்திலிருந்து அவள் வானொலியை விடவில்லை. பனியைக் காரணம் காட்டி எங்கள் விமானத்தை ரத்து செய்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். பொறுக்கவில்லை. முதல் பதிலே போதும், "நல்லாத்தான் இருக்கு" என்றுதான் அவன் சொன்னான். அவளுக்குப் போதவில்லை.

வேட் போனை எடுத்து மையத்தைக் கூப்பிட்டான், "இறங்கிட்டேன், மன்னிச்சுக்குங்க" என்று பேசி முடிக்கும்வரை ஆர்லிஸ் அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

இங்கே கேப்டன் லிண்ட்டுக்கு உடனே அனுமதி வந்துவிட்டது. ஆனால் கெடுவோடு. நோயாளி ஒருவரை ஏற்ற ஆம்புலன்ஸ் விமானம் ஒன்று வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. பத்து நிமிஷத்துக்குள் எங்கள் சக்கரம் தரையை விட்டு எழ வேண்டும். எழாவிட்டால் அந்த அனுமதி செல்லாது. வானத்தை ஆம்புலன்ஸுக்குக் கொடுத்துவிடுவார்கள், அது இறங்கி முடியும்வரை நாங்கள் நிற்க வேண்டியதுதான். இயந்திரம் ஓட்டி, ஓடுதள முனைக்குப் போகவே பத்து நிமிஷம் சரியாக இருக்கும்.

ஆர்லிஸும் ஆர்வில்லும் அந்தப் பக்கம். அவர்கள் திரும்பி வர வேண்டுமானால் ஓடுதளத்தைக் குறுக்கே தாண்டணும். தாண்டி, அவள் இறங்கி, படி ஏறி, கதவு சாத்தி... கணக்குப் போட எனக்குத் தெம்பில்லை. கேப்டன் என்னைப் பார்த்தார். அந்தம்மாளுக்கும் தெரிந்திருந்தது.

"நான் முடிவு பண்ண முடியாது, வெர்ன். கதவு இன்னும் திறந்திருக்கு."

அவள் பிடுங்கிப்போனது போக மிச்சமிருந்த இன்னொரு வானொலியை எடுத்தேன். "ஆர்லிஸ், அனுமதி வந்துடுச்சு. பத்து நிமிஷம்தான்."

கொஞ்ச நேரம் வெறும் காற்றுச் சத்தம். இருபது வருஷத்தில் அவள் இவ்வளவு நேரம் பதில் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"கதவச் சாத்து, வெர்ன்."

"அவன் ஒத்துக்க மாட்டான்."

"சாத்துன்னு சொன்னேன்."

நான் படியேறி உள்ளே போனேன். கேலன் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். பெல்ட்டைக் கழற்றியிருந்தான்.

"அவ எங்க?"

"அந்தப் பக்கம். வேடைக் கண்டுபிடிச்சிட்டா. அனுமதி வந்துடுச்சு."

"அப்ப வரட்டும்."

"அவ வந்தா இது கிளம்பாது, கேலன்."

அவனுக்குப் புரிய நேரமாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. சட்டென்று படியைப் பார்த்து நடந்தான். "நான் இறங்குறேன். அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றான். முகம் பூரா வேர்த்திருந்தது. அடுத்த தடவை என்று ஒன்று வருமா என்று எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அவனைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைக்க எனக்கு மனமில்லை. எனக்கு எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வந்தது. வேறென்ன செய்வதென்று தெரியாமல் வானொலியை அவன் வாய்க்கு நேரே நீட்டினேன்.

"ஆர்லிஸ்" என்றான்.

"கேலன்."

"நீ வருவன்னு சொன்ன."

"ஆமா, சொன்னேன்."

"எனக்குப் பயமாருக்கு."

"தெரியும். போ."

அவ்வளவுதான் சொன்னாள். வேறொன்றும் சொல்லவில்லை. தேனே பாலே என்றெல்லாம் எப்போதும் பேசினவள் இல்லை அவள்.

கேலன் படியிலிருந்து திரும்பினான். அப்புறம் போய் உட்கார்ந்தான். பெல்ட்டை நான்தான் போட்டுவிட்டேன். இறங்கி, படியை மடித்து, கதவை நானே சாத்தினேன். என் வேலையில் எத்தனை ஆயிரம் தடவை சாத்திய கதவு. அன்றைக்கு அது அவ்வளவு கனத்தது.

இயந்திரம் முழங்கியது. விமானம் பனிக்குள் உருண்டு போனது. ஓடுதள விளக்குகள் வரிசையாக எரிந்தன. கேப்டன் குரல் வானொலியில் வந்தது. "ஹாலோவேயில் கேட்பவர்களுக்கு, மேற்கு நோக்கிக் கிளம்புகிறோம்." கோபுரம் இருட்டாகத்தான் இருந்தது. கேட்டது நாங்கள் நாலு பேர்தான். கெடுவுக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே மேலே எழுந்து மறைந்துவிட்டது.

ஆர்லிஸ் ஆர்வில்லோடு திரும்பி வந்தாள். வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள்.

"நான்தான் அவனப் பேசவச்சுக் கெடுத்தேன், வெர்ன். என் வாய் சும்மா இருந்திருந்தா ஆறு மணிக்கே போயிருப்போம். ரெண்டு பேரும்."

ஆறுதலாக ஏதாவது சொல்லணும் என்று பார்த்தேன். எனக்கு வாய்த்த வாய் வேறு மாதிரி. "ஆமா, கெடுத்த. கெடுத்துட்டு நீயே போய்ச் சரியும் பண்ணிட்ட. இப்ப எறங்கு, பகல் விமானத்துக்கு உனக்குச் சீட்டுப் போடணும்" என்றேன். மத்தியானம் போகும் விமானத்தில் அவளை ஏற்றிவிட்டேன். அப்போதும் கேலனின் கோட்டுக்குப் பொத்தான் ஒன்று இல்லை, தைத்திருக்கணும் என்று புலம்பிக்கொண்டே போனாள்.

சாயங்காலம் சால்ட் லேக்கிலிருந்து போன் செய்தாள். கேலன் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டானாம். அவள் போவதற்குள் அறுவை அரங்குக்குள் கொண்டுபோய்விட்டார்கள். பார்க்க விடவில்லை.

"இங்க எனக்கு ஒரு வேலையும் இல்ல, வெர்ன். தாழ்வாரத்துல நடக்கக்கூட விடமாட்டேங்கிறாங்க, நர்ஸ் திட்டுது. அவன் பயமாருக்குன்னு சொன்னான். நான் போன்னு சொன்னேன். அவன் கண்ணு முழிக்கலன்னா நான் அவன்கிட்ட கடைசியாச் சொன்னது அதுதான். போ."

அன்று இரவு எனக்கும் தூக்கம் இல்லை.

மறுநாள் காலை ஆறு மணி விமானத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தேன். தனியாக. அவள் பெயர் போனில் வந்தது. கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டு எடுத்தேன்.

"முழிச்சிட்டான், வெர்ன். சிறுநீரகம் வேலை செய்யுதாம்."

"கடவுளே. என்ன சொன்னான்?"

"ரொம்ப நேரம் என்னையே பாத்தான். அவனப் பத்தித் தெரியுமே உனக்கு. அப்புறம் சொன்னான், 'நீ போன்னு சொன்ன. போனேன்'னு."

அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. அவள் அழுவதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். படிக்குக் கீழே பயணிகள் குளிரில் நின்றுகொண்டிருந்தார்கள். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.